வேலியோரத்து வெட்பாலையும் என் தலைச் செதிலும்

மடத்துக்குளத்துல இருந்து அமராவதி ஆத்துப் பக்கம் நடந்தீங்கன்னா, பழைய வேலிகள்ல இன்னும் அங்கங்கே வெட்பாலை நிக்குது. பங்குனி, சித்திரையில வெள்ளைப் பூ கொத்துக் கொத்தா பூக்கும். காய் ரெட்டை ரெட்டையா தொங்கும். ரெண்டும் நுனியில ஒட்டிக்கிட்டு இடுக்கி மாதிரி இருக்கும். இலையைக் கிள்ளினா பால் வரும். கட்டை வெள்ளையா, வழவழன்னு இருக்கும். கர்நாடகாவுல சென்னபட்டணா மரப்பொம்மை இந்தக் கட்டையிலதான் கடையறாங்க.

இந்த மரத்துக்கும் என் தலைக்கும் இருபது வருஷத்துக்கு மேல பழக்கம். எனக்கு இருக்கிறது சோரியாசிஸ். உடம்புல கிடையாது. உச்சந்தலை, பிடரி, காதுக்குப் பின்னால, அவ்வளவுதான். சித்த வைத்தியத்துல இதுக்கு காளாஞ்சகப்படைன்னு பேரு, செதில் உதிர் நோய்னும் சொல்றாங்க. எங்க ஊர்ல ஒரே பேருதான்: "பொடுகு முத்திப்போச்சு".

பொடுகு இல்லீங்க இது. நம்ம மேல்தோல் அடியில உருவாகி மேல வந்து உதிர சாதாரணமா ஒரு மாசம் ஆகும். சோரியாசிஸ் இருக்கிற இடத்துல அதே வேலை மூணு நாலு நாள்ல முடிஞ்சுருது. ஒரு மாசத்துப் பயிர் நாலு நாள்ல வந்தா எப்படி இருக்கும்? பழைய தோல் உதிர்றதுக்கு முன்னால புதுத்தோல் வந்து அடுக்கடுக்கா நின்னுக்குது. அதுதான் அந்த வெள்ளைச் செதில். உடம்போட எதிர்ப்பு சக்தி தப்பா வேலை செய்யறதால வர்றது. ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது. என் சீப்பை என் சம்சாரம் இருபது வருஷமா எடுத்து சீவிக்கிட்டுத்தான் இருக்கா, ஒண்ணும் ஆகலை.

ஒட்டாதுங்கிற இந்த ஒரு விஷயத்தை ஊருக்குப் புரிய வைக்கிறதுதான் பெரும்பாடு. இதுக்குக் காரணம் நம்ம ஊர் அறியாமை மட்டும்னு நினைச்சுக்காதீங்க. உலகம் பூரா இந்தக் குழப்பம் ரொம்ப காலம் இருந்திருக்கு. நம்ம பழைய வைத்திய நூல்கள் குட்டத்தை 18 வகையா பிரிக்குது. தொழுநோய், படை, செதில், கரப்பான் எல்லாம் அந்த ஒரே கூடையில கிடந்தது. ஐரோப்பாவுலயும் அதே கதைதான். இங்கிலாந்துல ராபர்ட் வில்லன்னு ஒரு டாக்டர் 1800கள் தொடக்கத்துல இந்த நோயை நல்லா கவனிச்சு எழுதினார். ஆனா அதுல ஒரு பகுதிக்கு தொழுநோயைக் குறிக்கிற ‘லெப்ரா’ங்கிற பேரையே வெச்சுட்டார். வியன்னாவுல ஹெப்ராங்கிற டாக்டர் 1841ல தான் தொழுநோய் வேற, இது வேறன்னு திட்டமா பிரிச்சார். தொழுநோய்க் கிருமியை நார்வேயில ஹான்சன் கண்டுபிடிச்சது 1873ல. அதாவது, ரெண்டும் வேற வேறன்னு உலகத்துக்குத் தெரிஞ்சு இருநூறு வருஷம் கூட முழுசா ஆகலை.

இதுக்கு நடுவுல வெள்ளைக்காரன் நம்ம நாட்டுல 1898ல தொழுநோயாளிகள் சட்டம்னு ஒண்ணு கொண்டுவந்தான். பிச்சை எடுக்கிற தொழுநோயாளிகளைப் பிடிச்சு விடுதியில அடைக்கலாம், சில தொழில் செய்யக்கூடாதுன்னு தடுக்கலாம். அந்தச் சட்டத்தை 2016லதான் முழுசா நீக்கினாங்க. தோல்ல தெரியற வியாதின்னா ஊரை விட்டு ஒதுங்கணும்ங்கிற பயம் அப்பாரு காலத்துல இருந்து ஊறிக் கிடக்குது. அது சட்டம் போன கையோட போயிருமா?

என் தங்கச்சி மகனுக்கும் இதே வியாதி. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங்ல இருந்தான். வெள்ளைத் துணி வர்றப்ப பிரச்சனை இல்லை. கறுப்பு டீ-சர்ட் ஆர்டர் வந்தா குனிஞ்சு பார்க்கிறப்ப செதில் துணி மேல விழும். ஒரு நாள் சூப்பர்வைசர் எல்லாருக்கும் முன்னால, "நீ சரியாயிட்டு வா"ன்னு அனுப்பிட்டார். ராத்திரி எனக்கு போன் பண்ணினான். "மாமா, சரியாகாதுன்னு டாக்டரே சொல்லிட்டார், நான் எப்ப போறது?"ன்னு கேட்டான். அவனுக்குப் பொண்ணு பார்க்கப் போன இடத்துலயும் அந்த வீட்டுப் பெரியம்மா காதோரம் பார்த்துட்டாங்க. காபி கொடுத்தாங்க, அதுக்கப்புறம் ஒரு தகவலும் வரலை.

அவனுக்குச் சொல்றதுக்காகத்தான் இந்த வியாதிக்கு மருந்து எப்படி எப்படி வந்ததுன்னு தேட ஆரம்பிச்சேன். நான் பன்னண்டாவது வரைக்கும் படிச்சவன். புரிஞ்ச வரைக்கும் எழுதறேன். ஒண்ணு மட்டும் ஆச்சரியமா இருந்தது. இந்த நோய்க்கு வந்த முக்கியமான மருந்து நிறைய, இதுக்குன்னு தேடிக் கிடைச்சது இல்லை. வேற எதுக்கோ வந்தது, பக்கவாட்டுல இதைத் தொட்டிருக்கு.

கோவா பொடி கதையைப் பாருங்க. பிரேசில் நாட்டுக் காட்டுல அரரோபான்னு ஒரு மரம். அதன் தண்டுக்குள்ள மஞ்சளா ஒரு பொடி சேரும். போர்த்துகீசியக் கப்பல்ல அது கோவாவுக்கு வந்து, நம்ம நாட்டுல படர்தாமரைக்குப் போடற மருந்தாச்சு. பிரேசில்ல இருந்து வந்ததுங்கிறதே மறந்து ‘கோவா பொடி’ன்னே உலகம் பூரா பேரு நின்னுடுச்சு. நம்ம வேலியில நிக்கிற வண்டுகொல்லியை, அதான் சீமையகத்தி இலையை, படைக்கு அரைச்சுப் போடறோமே, அதுலயும் இதே ஜாதி சத்துதான். 1876 வாக்குல லண்டன்ல பால்மன்னோ ஸ்கொயர்ங்கிற தோல் டாக்டர், படர்தாமரைன்னு நினைச்சு இந்தப் பொடியைப் போட்ட ஒருத்தருக்கு சோரியாசிஸ் அமுங்கறதைக் கவனிச்சார். அதுல இருந்து அது சோரியாசிஸ் மருந்தாச்சு. முதல் உலகப்போர்ல பிரேசில் சரக்கு ஜெர்மனிக்கு வரலை. அங்க 1916ல அதே மாதிரி ஒரு பொருளை ஆலையில செஞ்சாங்க. டித்ரனால்னு பேரு. வேலை செய்யும், ஆனா தோலும் துணியும் கறையாகும், எரியும். இப்போ அதிகம் எழுதிக் கொடுக்கிறது இல்லை.

அடுத்தது தார். நிலக்கரியைச் சுட்டா வர்ற கழிவு. அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல கோக்கர்மன்ங்கிற டாக்டர் 1925ல, தாரைப் பூசி அதுக்கு மேல புற ஊதா வெளிச்சம் காட்டற வைத்தியத்தைக் கொண்டுவந்தார். இன்னைக்கும் மெடிக்கல்ல தார் கலந்த ஷாம்பு கிடைக்குது. தலைக்கு நான் போட்டிருக்கேன். நாத்தம் ரோடு போடற இடத்துல நிக்கிற மாதிரி இருக்கும், ஆனா நமைச்சல் அடங்கும். வெயில் இந்த நோய்க்கு நல்லதுங்கிறாங்க. நானோ நாள் பூரா வெயில்ல நிக்கிறவன், ஆனா வியாதி இருக்கிறது முடிக்குள்ள! அதுபோக தலையில துண்டு வேற. கையில காலுல வந்தவனுக்கு வேலை செய்யற பாதி வைத்தியம் தலைக்காரனுக்கு எட்டறதில்லை. களிம்பு பூசினா முடியில நிக்கும், தோலுக்குப் போகாது. அதனாலதான் தலைக்கு எண்ணெயும் தண்ணி மருந்தும்.

மூணாவது கதை எனக்கு ரொம்பப் பிடிச்சது. எல்லாப்ரகடா சுப்பாராவ், 1895ல பீமாவரத்துல பிறந்தவர். அப்போ அது நம்ம சென்னை மாகாணம். சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்சார். காந்தி சொன்னார்னு கதர் போட்டுக்கிட்டு வந்ததால வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்காம, முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காம ஒரு படி கீழ இருக்கிற சான்றிதழோட வெளிய வந்தார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில கொஞ்ச நாள் பாடம் எடுத்தார். 1923ல அமெரிக்கா போனார். அங்க லெடர்லிங்கிற மருந்துக் கம்பெனியில அவர் தலைமையில இருந்த குழுதான் ஃபோலிக் அமிலத்தையும், அதுக்கு எதிரா வேலை செய்யற மருந்துகளையும் செஞ்சது. குழந்தைகளுக்கு வர்ற ரத்தப் புற்றுநோய்க்கு அந்த மருந்தைத்தான் முதல்ல கொடுத்துப் பார்த்து, 1948ல வெளியிட்டாங்க. அதே வருஷம் சுப்பாராவ் இறந்துட்டார். 1951ல மூட்டு வாதத்துக்கு அதைக் கொடுத்த இடத்துல, சோரியாசிஸும் சேர்ந்து இருந்த ஒருத்தருக்குத் தோல் சுத்தமாச்சு. அதன் தம்பி மருந்துதான் மெத்தோட்ரெக்சேட். 1972ல அமெரிக்க அரசு சோரியாசிஸுக்கு அதை அனுமதிச்சது. இன்னைக்கு உடம்பு பூரா வந்தவங்களுக்கு உலகம் பூரா எழுதிக் கொடுக்கிற மாத்திரை அதுதான். வாரத்துக்கு ஒரே நாள் போடற மாத்திரைங்க அது. தினமும்னு தப்பாப் புரிஞ்சு போட்டா உசுருக்கே ஆபத்து. ரத்தமும் கல்லீரலும் அப்பப்ப சோதிக்கணும். வீட்டுல யாருக்காவது கொடுத்திருந்தா கிழமையைப் பெருசா எழுதி டப்பா மேல ஒட்டி வைங்க.

இப்போ வெட்பாலைக்கு வர்றேன். இதுவும் முதல்ல மருந்துன்னு வெள்ளைக்காரன் கண்ணுக்குப் படலை, சாயமாத்தான் பட்டது. தாவர சாஸ்திரத்துல இதன் பேரு ரைட்டியா டிங்டோரியா. டிங்டோரியான்னா சாயம் போடறதுன்னு அர்த்தம். கிழக்கிந்தியக் கம்பெனியில இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க், 1790கள்ல ஆந்திராக் கரையில சாமல்கோட்டைப் பக்கம் இருந்தப்ப, இந்த இலையில இருந்து நீலம் எடுக்கலாம்னு செஞ்சு காட்டினார். அவுரியைப் பச்சத் தண்ணியில ஊறப்போட்டு நீலம் எடுப்பாங்க. வெட்பாலை இலைக்கு சுடுதண்ணி வேணும். சென்னை மாகாணத்துல ‘பாலை நீலம்’னு இது கொஞ்ச காலம் ஓடிச்சு. 1897ல ஜெர்மனியில ஆலை நீலம் விற்பனைக்கு வந்ததும் அவுரியோட சேர்ந்து இதுவும் படுத்திருச்சு. திருப்பூர்ல சாயப்பட்டறையில வேலை செஞ்ச ஆளுங்ககிட்ட, நம்ம வேலியில நிக்கிற மரத்துல நீலம் எடுத்தாங்கன்னு சொன்னா சிரிக்கிறாங்க.

நம்ம ஆளுங்க இதை மருந்தாத்தான் வெச்சிருந்தாங்க. இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில போட்டு வெயில்ல வெச்சா சில நாள்ல எண்ணெய் கருநீலமா, ஊதாவா மாறும். அதைப் படைக்குப் பூசறது நாட்டு வைத்தியத்துல உண்டு. சென்னையில மத்திய அரசோட சித்த ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, அரும்பாக்கத்துல அண்ணா மருத்துவமனை வளாகத்துல. அங்க இந்த எண்ணெயை எடுத்து, சோரியாசிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, முறையா மருந்தாக்கினாங்க. அதுக்கு வெச்ச பேருதான் 777 எண்ணெய். அந்த வேலையில முன்னால நின்னவர் சித்த மருத்துவர் ஜலகண்டாபுரம் ராமசாமி கிருஷ்ணமூர்த்தி. 2010ல அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தாங்க.

அந்த ஊதா நிறம் எங்க இருந்து வருது? அங்கதான் சாயமும் மருந்தும் ஒண்ணு சேருது. வெட்பாலை இலையில நீலத்துக்குக் காரணமான இண்டிகோவும், அதோட கூடப் பிறந்த சிவப்பான இண்டிருபினும் இருக்குன்னு பின்னால ஆராய்ச்சியில பிரிச்சுக் காட்டினாங்க. சீனாவுல நீலச் செடியில இருந்து எடுக்கிற ஒரு பொடியை ரொம்ப காலமா மருந்தா வெச்சிருக்காங்க. தைவான்ல சாங் குங் மருத்துவமனையில லின் இன்-குங்கிற டாக்டர் 42 சோரியாசிஸ் நோயாளிகளுக்கு அந்தப் பொடி கலந்த களிம்பை உடம்புல ஒரு பக்கமும், மருந்தில்லாத வெறும் களிம்பை இன்னொரு பக்கமும் 12 வாரம் பூசிப் பார்த்தார். மருந்து போட்ட பக்கம் நல்லா அமுங்கினதுன்னு 2008ல வெளியிட்டாங்க. அதுலயும் இண்டிருபின்தான் முக்கியமான சரக்குன்னு சொல்றாங்க. அவங்க செடி வேற, நம்ம மரம் வேற. சத்து ஒண்ணு.

ஒரே ஆளோட ரெண்டு கையையும் வெச்சு ஒப்பிட்டாங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருந்தது. நாமளும் புது உரம் வந்தா பாதி வயலுக்குப் போட்டுத்தானே பார்க்கிறோம்.

என் அனுபவத்தைச் சொல்லிடறேன். வெட்பாலை எண்ணெய் எனக்கு வேலை செய்யுது. ராத்திரி வகிடு வகிடா பிரிச்சு, முடிக்கு இல்லாம தோலுக்குப் படற மாதிரி தடவணும். நகத்தால செதிலைப் பிய்க்கக் கூடாது. காலையில அரப்பு போட்டு அலசுவேன். மூணு நாலு வாரத்துல செதில் மெலிசாகி, நமைச்சல் போயிடும். தலகாணி உறை நீலமாகிப் போகும், அதுக்குன்னு ஒரு பழைய உறை வெச்சிருக்கேன். ஆனா பூசறதை விட்டா ரெண்டு மாசமோ ஆறு மாசமோ கழிச்சுத் திரும்ப வருது. மார்கழிக் குளிர்ல கட்டாயம் வரும். வாய்க்கால்ல தண்ணி வராம பயிர் காயற வருஷத்துல, வட்டிக்காரர் வீட்டுப் படி ஏறற வருஷத்துல குளிருக்குக் காத்திருக்காமலே வரும். மனக்கவலை இதைக் கிளப்பும்னு டாக்டருங்களும் சொல்றாங்க. ரொம்ப முத்தினப்ப தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த சாலிசிலிக் அமிலம் கலந்த தண்ணி மருந்தையும் போட்டிருக்கேன். அதையும் இதையும் எதிரியாக்கிச் சண்டை மூட்டறதுல எனக்கு இஷ்டமில்லை.

கத்தி படாம இலையைக் கிள்ளணும், இரும்புப் பாத்திரம் ஆகாதுன்னு சொல்லுவாங்க. நான் கையாலதான் கிள்றேன். கத்தியில வெட்டினா என்ன ஆகும்னு பார்த்ததில்லை. மரத்தை மட்டும் சரியாத் தெரிஞ்சுக்கணும். குடசப்பாலைன்னு ஒண்ணு இருக்கு, பார்க்க இதே மாதிரி. அதுல ரெட்டைக் காய் நுனியில ஒட்டாம தனித்தனியா தொங்கும். பால் வர்ற மரத்துல அரளி மாதிரி விஷமும் உண்டு. தெரியலைன்னா விட்டுடுங்க. அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவுல கேட்டா எண்ணெய் பத்திச் சொல்லுவாங்க.

இப்படி வந்து வந்து போற வியாதிங்கிறதாலதான் ஏமாத்தறவனுக்கு வசதி. எங்க ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தர், பத்து பன்னண்டு வருஷம் முன்னால, மாசத்துல ஒரு நாள் லாட்ஜ்ல ரூம் போட்டு உக்கார்ற ஒரு வைத்தியர்கிட்ட போனார். "இனி ஜென்மத்துக்கும் வராது"ன்னு சொல்லி 6,000 ரூபாய்க்கு ஒரு பொடி கொடுத்தார். பத்தே நாள்ல தோல் பளபளன்னு ஆச்சு. அண்ணன் ஊர் பூரா சொன்னார். பொடி தீர்ந்தது. அடுத்த மாசம் வைத்தியர் வரலை. ரெண்டு வாரத்துல உடம்பு முழுக்கச் சிவந்து, சின்னச் சின்ன சீழ்க்கொப்புளம், குளிர் காய்ச்சல். கோயமுத்தூர்ல சேர்த்து பதினேழு நாள் வெச்சிருந்தாங்க. அந்தப் பொடியில ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். ஸ்டீராய்டு 1950கள்ல தோலுக்கு வந்த மருந்து. டாக்டர் அளவு சொல்லிப் பூசச் சொன்னா அது வேற விஷயம். சோரியாசிஸ்காரன் உள்ளுக்குத் தின்னுட்டு திடீர்னு நிறுத்தினா நோய் பத்து மடங்கா திரும்பி அடிக்கும். பொடியில என்ன இருக்குன்னு சொல்லாத ஆள்கிட்ட வாங்காதீங்கன்னு அண்ணனே இப்போ எல்லார்கிட்டயும் சொல்றார்.

2014ல உலக சுகாதார நிறுவனத்தோட சபையிலயே தீர்மானம் போட்டுட்டாங்க: சோரியாசிஸ் நாள்பட்டது, தொத்தாதது, முழுசா குணப்படுத்த இன்னும் மருந்தில்லைன்னு. அப்படி இருக்கிறப்ப லாட்ஜ் ரூம்ல அது கிடைக்குமா?

பழனி நமக்குப் பக்கம்கிறதால மொட்டை பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. மொட்டை போட்டா எண்ணெய் நல்லா எட்டும், அது உண்மை. ஆனா சவரக்கத்தி கீறின இடத்துல புதுசா செதில் கிளம்பும். இதை ஜெர்மன் டாக்டர் கோப்னர் 1870கள்லயே எழுதி வெச்சிருக்கார். காயம் பட்ட இடம், சொறிஞ்ச இடம், கத்தி பட்ட இடம் எல்லாம் அப்படித்தான். நான் நேர்த்திக்கு மொட்டை போடறப்ப முன்னாடியே பத்து நாள் எண்ணெய் பூசி செதிலைக் குறைச்சுக்குவேன். உக்கார்றப்பவே, "அண்ணா, இது ஒட்டாது, பார்த்து மெதுவா எடுங்க"ன்னு சொல்லிடுவேன். முதல் தடவை சொல்றப்ப நாக்கு ஒட்டிக்கிச்சு. அவர் சாதாரணமா, "எங்க மச்சானுக்கும் இருக்குங்க"ன்னு சொல்லிட்டுப் புது பிளேடு மாத்தினார்.

தங்கச்சி மகன் இப்போ வேற கம்பெனியில பேக்கிங்ல இருக்கான். சேர்றப்பவே விஷயத்தைச் சொல்லிட்டுத்தான் சேர்ந்தான். மாசம் ஒரு தடவை வந்து எண்ணெய் எடுத்துக்கிட்டுப் போறான்.

வாய்க்கால் ஓரத்துல எங்க வேலியில அஞ்சு வெட்பாலை இருந்தது. பக்கத்துத் தோட்டத்துல கம்பி வேலி போட்டப்ப ரெண்டு போச்சு. மீதி மூணு. விதையில பஞ்சு இருக்கும், காய் வெடிச்சா காத்துல பறந்துரும். அதனால வெடிக்கிறதுக்கு முன்னாலயே காயைப் பறிச்சு, துணிப்பையில கட்டி வெச்சு விதை எடுத்தேன். பையில 40 போட்டதுல 26 முளைச்சு முழ உசரம் வந்திருக்கு. பத்து எங்க வேலிக்கு. மீதியை வேணுங்கிறவங்க வந்து எடுத்துக்கலாம், காசு வேண்டாம். ஐப்பசி மழைக்கு நட்டா பிடிச்சுக்கும்.